கோடு போட்ட பன்

எனக்குக் கோபம் வந்தால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் அதை மறைப்பதில்லை. மறைத்து வைத்த கோபத்தால் யாருக்கு என்ன லாபம்? என் முகத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். கொழுந்தன் தன் கடைக்குக் கம்பி நீட்டிவிடுவான். ஒரு வார்த்தை திட்டாமலே வீடு அமைதியாகிவிடும். எனக்கும் தொண்டைத்தண்ணீர் மிச்சம்.

நான் ஆராய்ச்சி செய்வதும் ஏறக்குறைய இதைப் பற்றித்தான். சில புழுக்கள் கசக்கும். கசக்கிற புழுக்களில் பல, இலைக்கடியில் ஒளிந்துகொள்ளாமல், மஞ்சளும் கறுப்புமாகப் பளிச்சென்று உடுத்திக்கொண்டு நட்டநடுக் கிளையில் உட்கார்ந்திருக்கும். தின்ன வருகிற பறவைக்கு அது எச்சரிக்கை. ஒரு தரம் கடித்து நாக்கு கெட்டுப்போன பறவை அந்த நிறத்தை லேசில் மறக்காது. மண் நிறத்தில் இருக்கிற கசப்புப் புழுவுக்கு இந்த வசதி கிடையாது. உள்ளே அத்தனை கசப்பை வைத்துக்கொண்டும் வெளியே சொல்லத் தெரியாமல், ருசியான புழுக்களோடு சேர்ந்து அதுவும் கொத்துப்படும். அதைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

இதைக் காட்டுவதற்காக ஆய்வுக்கூடத்தின் பின்தோட்டத்தில் மைனாக்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். மாவும் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்து உருட்டிய மாவுப்புழுக்கள். சில மண் நிறம், ருசியானவை. சில அதே மண் நிறம், கசப்பானவை. சில மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டவை, அவையும் கசப்புதான். நான் சேர்க்கிற கசப்பு மருந்து நாக்கோடு நின்றுவிடும், வயிற்றை ஒன்றும் செய்யாது. நானே தின்று பார்த்திருக்கிறேன். அன்று முழுவதும் தண்ணீர்கூடக் கசந்தது.

ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று பக்கமும் பலகைத் தடுப்பு வைத்திருந்தேன். ஒரு சமயத்தில் ஒரு மைனாதான் உள்ளே போக முடியும். பக்கத்துத் தட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. பரீட்சையில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதக் கூடாது இல்லையா, அது போலத்தான். ஒவ்வொரு பறவையும் தானாகக் கடித்து, தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் நான் கறாராக இருந்தேன்.

எந்த மைனா எதைக் கொத்துகிறது என்று கொட்டகைக்குள் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்துச் சொல்வது என் உதவியாளர் வேலை. காலில் மாட்டிய வண்ண வளையத்தை வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டுபிடிப்பார். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து முடிவைக் கேட்கலாம். அதனாலேயே எல்லோரும் அவரை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வளையம் பார்க்கத் தேவையே இல்லாத மைனா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏதோ ஒரு பூனையிடம் வாலைக் கொடுத்துவிட்டு உயிரோடு வந்தது. பெயர் மொட்டைவால். எதையும் முதலில் கொத்திப் பார்ப்பது அதுதான், பட்டும் திருந்தாத ஜன்மம்.

மைனாக்கள் நன்றாகவே கற்றுக்கொண்டன. சில வாரங்களில் மஞ்சள் கோட்டுப் புழுக்கள் தட்டிலேயே கிடந்தன. மண் நிறப் புழுக்களை மட்டும் மைனாக்கள் கொத்தி, கசந்தவற்றைத் துப்பிக்கொண்டிருந்தன. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் என் வரைபடங்களைப் புரட்டினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கேள்வி கேட்பதென்றால் ஊசியை எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்து குத்துகிறவர்.

"கத்துக்கிட்ட பறவை மஞ்சளைத் தொடாது, சரி. அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லுங்க. கூட்டம் மொத்தமும் மண் கலர்ல இருக்கு. அதுல ஒண்ணு மட்டும் மஞ்சளாப் பொறக்குது. அதோட அர்த்தம் எந்தப் பறவைக்கும் தெரியாது. பளிச்சுன்னு இருக்கிறதால அதைத்தான் மொதல்ல கொத்தும். உங்க கணக்குப்படி ஒவ்வொரு பறவையும் ரெண்டு மூணு மஞ்சளைக் கடிச்சாத்தான் கத்துக்குது. தோப்புல இருக்கிற பறவை எல்லாம் கத்துக்கிற வரைக்கும் மஞ்சளுக்கு எங்க போறது? இருக்கிறதே ஒண்ணோ ரெண்டோ. அப்புறம் வம்சம் எப்படி வந்துச்சு?"

நான் என் வரைபடங்களைத் திரும்ப அடுக்கினேன்.

"வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கு வர்றேன். இதுக்கு ஏதாவது வழி தெரிஞ்சா இன்னொரு பருவம் எடுத்துக்கோங்க. இல்லேன்னா அந்த இடத்தை வண்டி நிறுத்தறதுக்குக் கேக்கறாங்க. நானும் எத்தனை நாள் தள்ளிப் போடறது" என்றார்.

அவர் மேஜையில் என் தோட்டத்தின் வரைபடம் விரித்துக் கிடந்தது. அதில் என் கொட்டகை இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். அந்த மைனாக்களை எனக்கு முகம் முகமாகத் தெரியும். அவை வந்து இறங்குகிற இடத்தில் கார்கள் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கேள்விக்கு விடை தெரியாவிட்டாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. வெள்ளிக்கிழமை அவர் வந்து நிற்கும்போது, மைனாக்கள் ஒழுங்காக மஞ்சளை ஒதுக்குவதை நேரில் பார்த்தால் மனது இளகி இன்னொரு பருவம் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். நேரம் பார்த்து, அந்த வாரமே மைனாக்கள் மஞ்சள் புழுக்களைத் தின்ன ஆரம்பித்தன.

முதல் நாள் ஒன்று இரண்டு. அடுத்த நாள் கொத்துப்படாத மஞ்சள் ஒன்றுகூட இல்லை. மொட்டைவால் மஞ்சளைக் கொத்தும், தலையை உதறும், துப்பும், கொஞ்ச நேரத்தில் வெட்கமில்லாமல் இன்னொரு மஞ்சளைக் கொத்தும்.

மருந்து வீரியம் போய்விட்டதோ என்று நானே ஒரு புழுவைத் தின்றேன். வீரியம் போகவில்லை. அவசரம் தட்டுகளை மாற்றி வைத்துவிட்டாரோ என்று அவரிடம் கத்தினேன்.

"மேடம்... தட்டெல்லாம்..." என்று ஆரம்பித்து, கண்ணாடியைத் துடைத்து, மாட்டிக்கொண்டு, "...சரியாத்தான் இருக்கு" என்று முடித்தார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மைனாக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டைவால் தட்டிலிருந்து கிளம்பி மதில்மேல் உட்கார்ந்தது. அங்கிருந்து மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. அந்தப் பக்கம் என் கொழுந்தனின் கடை.

கொழுந்தனை ஊரே 'பன்னு' என்றுதான் கூப்பிடும். ரொட்டிக்கடை வைத்திருக்கிறான். கன்னமும் அப்படித்தான் உப்பியிருக்கும். கடைக்குள் நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் மூச்சுவிட முடியாது என்பதால் நடைபாதையில் மேஜை நாற்காலி போட்டிருந்தான். மைனாக்களுக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. ஆட்கள் டீயை ஊதுகிற நேரத்தில் தட்டில் இருக்கிற பன் பறந்துவிடும். வெளியே உட்கார யாரும் வராமல் பையன் வாடிப்போயிருந்தான். ஆனால் இரண்டு வாரமாக முகம் தெளிந்து, சாப்பிடும்போது விசிலடித்துக்கொண்டிருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு என் கவலை.

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி, மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

நடைபாதையில் எல்லா மேஜையும் நிறைந்திருந்தது. எல்லார் தட்டிலும் பன். ஒவ்வொரு பன்னும் மஞ்சள். ஒவ்வொரு மஞ்சள்மேலும் கறுப்பாக மூன்று கோடு, என் புழுக்களுக்கு நான் போடுகிற அதே இடைவெளியில். காலியான நாற்காலி ஒன்றின்மேல் மொட்டைவால் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன கோட்டுப் பன்னை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தச் சாப்பாட்டு நேரம் நினைவுக்கு வந்தது. மஞ்சளில் கறுப்புக் கோடு பார்த்தால் மைனா எட்டப் பறக்கிறது என்று நான் வீட்டில் பெருமையடித்தபோது, பன்னு சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். "கோடு எவ்வளவு தடிமன் அண்ணி? எந்த மஞ்சள்?" என் ஆராய்ச்சியைப் பற்றி அந்த வீட்டில் யாரோ ஒருவர் கேள்வி கேட்டதே அதுதான் முதல் தடவை. நான் குளிர்ந்துபோய், சாயக்குப்பியை எடுத்து வந்து காட்டினேன். கோடு போடுகிற தூரிகையைக்கூடக் காட்டினேன்.

வாளியிலிருந்து இறங்கி, மதிலைச் சுற்றிக்கொண்டு கடைக்குள் நுழைந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் பன்னு அடுப்புக்குப் பின்னால் போனான். ஆனால் கடை சின்னது. அதற்குமேல் போக வழியில்லை.

"அண்ணி, நீங்கதானே சொன்னீங்க, இந்தக் கலரைப் பாத்தா கிட்டவே வராதுன்னு."

"வராதுன்னு சொன்னேன். ஏன் வராதுன்னும் சொன்னேன்ல? கசக்கும்கிற பயத்துல. உன் பன்னு கசக்குதா?"

"என் பன்னு ஏன் அண்ணி கசக்கணும்? வெண்ணெய் போட்டிருக்கேன்."

"அதான் வெனை. மொதல்ல பயந்துச்சு. கீழ விழுந்த துணுக்கை ஏதோ ஒண்ணு தின்னு பாத்திருக்கும், இனிச்சிருக்கும். அப்புறம் இந்தக் கலர்மேல என்ன மரியாதை இருக்கும்? நான் தோட்டத்துல கை நிறையக் கசப்பு வெக்கறேன், நீ தெருவுல கூடை கூடையா இனிப்பு வெக்கறே. எதை நம்பும்?"

பன்னு மேஜைப் பக்கம் எட்டிப் பார்த்தான். மொட்டைவால் அடுத்த தட்டுக்குப் போயிருந்தது. அந்த மேஜைக்காரர் கையை வீசி விரட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா மறுபடியும் வருது அண்ணி" என்றான். குரல் இறங்கிவிட்டது. "நானும் என்னடா இதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன். மொத வாரம் ஒண்ணு கிட்ட வரலை. ஆளுங்க எவ்ளோ சந்தோஷமா உக்காந்தாங்க தெரியுமா."

பையன் முகத்தைப் பார்த்து என் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு சொன்னேன். "உன் கடையும் போச்சு, என் தோட்டமும் போச்சு. வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் வர்றாரு. அவர் கண்ணு முன்னாடியே இதுங்க மஞ்சளை அள்ளித் தின்னப்போகுது."

வழி ஒன்றுதான் இருந்தது. அந்த நிறத்துக்குப் போன மரியாதையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பன்னு வெளிமேஜைகளில் கோட்டுப் பன் மட்டும் வைப்பது, அத்தனையும் என் மருந்து கலந்த கசப்புப் பன். அவற்றை யாருக்கும் விற்பதில்லை. ஆட்களுக்குக் கோடில்லாத சாதாரணப் பன்னைக் கடைக்குள்ளேயே கொடுப்பது.

பன்னு ஒப்புக்கொண்டான். ஆனால் அவன் கசப்பு மாவு பிசைந்த அழகை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பிசைந்தான். ஒரு துளியை நாக்கில் வைத்துவிட்டு, போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தான்.

"என் கையால இப்படி ஒண்ணு செய்வேன்னு நெனச்சதே இல்லை அண்ணி. வாசனையாவது நல்லா இருக்கட்டும்."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் வெனிலாவை ஊற்றிவிட்டான். தொழில்காரனுக்கு ஒரு வீம்பு உண்டு. விட்டுவிட்டேன்.

கசப்புப் பன்களைக் கூடையில் அடுக்கி வெளிமேஜையில் வைத்தோம். 'பறவைகளுக்கு மட்டும்' என்று ஓர் அட்டையில் எழுதிச் சாய்த்து வைத்தான் பன்னு. மொட்டைவால் வழக்கம்போல முதலில் இறங்கியது. ஒரு கொத்து. அப்படியே நின்றது. தலையை இடமும் வலமும் உதறியது. நாற்காலியின் முதுகில் அலகை இப்படியும் அப்படியுமாகத் தேய் தேய் என்று தேய்த்தது. பன்னுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேலே கம்பியில் மற்ற மைனாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா எப்படிக் கத்துக்கும்? வந்து கடிச்சாத்தானே" என்று அவற்றைப் பார்த்துத் திட்டினேன்.

வியாழக்கிழமை தோட்டத்தில் மஞ்சள் புழுக்கள் தொடப்படாமல் கிடந்தன. முதலில் வாரக்கணக்கில் கற்ற பாடத்தை இப்போது மைனாக்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் கற்றிருந்தன. பன்னு மருந்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். சந்தோஷத்தில் அதற்குமேல் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தட்டுகளை எல்லாம் கழுவி, தடுப்புப் பலகைகளைத் துடைத்து, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். துறைத்தலைவர் வரும் வழியைக் காணோம். பன்னு கடைப்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று மதிலைச் சுற்றி வந்தேன்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. ஆய்வுக்கூடத்து வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாமல், அவர் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, கடைத்தெருவில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். வெனிலா வாசனை மூக்கைத் துளைத்திருக்கிறது. மனிதர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியவர். காலியாக இருந்த வெளிமேஜையில் உட்கார்ந்தார். அட்டை காற்றில் குப்புற விழுந்து கிடந்தது. பன்னு உள்ளே அடுப்பில் தலையை விட்டுக்கொண்டிருந்தான். கூடையில் கைக்கெட்டும் தூரத்தில் மஞ்சள் பன். ஒன்றை எடுத்தார். கோட்டும் சூட்டுமாக ஒரு பெரிய மனிதர் எடுத்ததைப் பார்த்து, பக்கத்தில் நின்ற பஸ் டிரைவர் ஒன்றை எடுத்தார். தையல்கார அம்மா ஒன்று. வங்கியிலிருந்து வந்த இரண்டு பேர் ஆளுக்கு ஒன்று.

நான் திருப்பத்தில் வந்தபோது துறைத்தலைவர் வாயைத் திறந்துகொண்டிருந்தார். "சார்" என்று நான் கத்தியதற்கும் அவர் கடித்ததற்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிகூட இல்லை.

முதலில் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்கள் சுருங்கின. உதடுகள் கோணின. தலையை இடமும் வலமும் உதறினார். கைக்குட்டையை எடுத்து நாக்கை இப்படியும் அப்படியுமாகத் தேய்த்தார்.

பஸ் டிரைவர் கையில் இருந்த பன்னைப் பார்த்தார். கூடையில் திரும்ப வைத்தார். தையல்கார அம்மா வைத்தார். வங்கிக்காரர்கள் வைத்துவிட்டு விரலை வேறு துடைத்துக்கொண்டார்கள். ஒருவர்கூடக் கடித்துப் பார்க்கவில்லை. ஒருவர்கூட என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அந்த முகமே போதுமாக இருந்தது.

நான் நிமிர்ந்து கம்பியைப் பார்த்தேன். மைனாக்கள் வரிசையாக உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துத் துறைத்தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்குக் காலிலிருந்து தலை வரைக்கும் சிலிர்த்தது. மொட்டைவால் ஒன்றுதான் கடித்தது. மற்றவை எல்லாம் அதன் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டன. வேடிக்கை பார்ப்பதாக நினைத்து நான் திட்டினேனே, அவை அப்போது பாடம் படித்துக்கொண்டிருந்தன. தோட்டத்தில் அவற்றுக்கு அந்த வழியை அடைத்தது யார்? பலகை பலகையாகத் தடுப்பு வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கடிக்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மஞ்சள் வேண்டும் என்று வரைபடம் போட்டவளும் நான்தான்.

"எனக்கு என்ன கொடுத்தீங்க?" துறைத்தலைவர் பாதி நாக்கோடு கேட்டார்.

"சார், நாக்கு மட்டும்தான் சார், வேற ஒண்ணும் செய்யாது. நான் டஜன் கணக்குல தின்னிருக்கேன்" என்றேன். பன்னு தண்ணீரோடு ஓடி வந்தான். அவன் முகம் வெளுத்துக் கிடந்தது. நான் நிறுத்தவில்லை. "சார், நீங்க கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க. கொஞ்சம் சுத்திப் பாருங்க. இவங்க எல்லாரும் பன்னை எடுத்தாங்க. கடிச்சது நீங்க ஒருத்தர். எத்தனை பன்னு பிழைச்சிருக்கு பாருங்க. மேல உக்காந்திருக்கிற மைனாங்களும் இப்படித்தான், கடிச்ச ஒண்ணோட மூஞ்சியைப் பாத்தே கத்துக்கிச்சுங்க."

அவர் கூடையைப் பார்த்தார். பஸ் டிரைவரைப் பார்த்தார். பஸ் டிரைவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். துறைத்தலைவர் தண்ணீரைக் குடித்தார், அதுவும் கசந்திருக்கும். ஆனால் கண்ணில் அந்த ஊசி திரும்ப வந்துவிட்டது.

"இதுங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச கலர் இது. பழைய பயம் திரும்பி வந்திருக்கலாம். புதுசா ஒரு கலர்ல காட்டுங்க, ஒத்துக்கறேன்" என்றார்.

"பன்னு, செவப்புக் கலர் இருக்கா?" என்றேன்.

"கேக்குக்குப் போடறது இருக்கு அண்ணி."

கொஞ்ச நேரத்தில் சிவப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி வைத்த கசப்புப் புழுக்கள் தயார். புள்ளிகளைப் பன்னுதான் வைத்தான். வைத்த வேகத்தில் சில புள்ளிகளுக்கு வால் முளைத்துவிட்டது. நானும் அவசரமும் தோட்டத்துத் தடுப்புப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டோம். அவசரம் அன்றைக்குத்தான் பெயருக்கு ஏற்றபடி வேலை செய்தார். எல்லாத் தட்டும் இப்போது ஒன்றையொன்று பார்த்தபடி வெட்டவெளியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் மண் நிற ருசிப் புழுக்கள், நடுவில் சிவப்பு.

நாங்கள் கொட்டகைக்குள் ஒண்டிக்கொண்டு நின்றோம். மைனாக்கள் இறங்கின. மண் நிறப் புழுக்களை எடுத்தன. சிவப்பைப் பார்த்தன, சுற்றி நடந்தன. எந்த மைனாவும் தொடவில்லை. யாராவது ஒருவர் கடித்தால்தானே பாடம்? மொட்டைவாலே, உன் பேராசையை நான் எத்தனை தரம் திட்டியிருக்கிறேன், இன்றைக்கு மட்டும் காட்டிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

மொட்டைவால் கடைசியாக வந்து இறங்கியது. நேராகச் சிவப்பிடம் போனது. ஒரு கொத்து. நின்றது. தலையை உதறியது. புழுவைத் துப்பிவிட்டுத் தட்டின் விளிம்பில் அலகைத் தேய் தேய் என்று தேய்த்தது. மற்ற மைனாக்கள் எல்லாம் தின்பதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தன.

பிறகு இளம் மைனா ஒன்று அடுத்த தட்டின் சிவப்புக்கு அருகே போனது. கழுத்தை நீட்டியது. பன்னு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இளம் மைனா மொட்டைவாலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. சிவப்பைத் தாண்டிக் குதித்து, மண் நிறப் புழு ஒன்றை எடுத்துக்கொண்டு பறந்தது.

நாங்கள் வெகு நேரம் நின்றோம். அதற்குப் பிறகு சிவப்பை எதுவும் கொத்தவில்லை. மைனாக்கள் போனபின் துறைத்தலைவர் தானே தோட்டத்துக்குள் போனார். மொட்டைவால் துப்பிய சிவப்புப் புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அலகு பட்ட இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். மற்றபடி முழுசாக இருந்தது.

"இது உயிருள்ள புழுவா இருந்தா தப்பிச்சிருக்குமோ என்னவோ" என்றார்.

"மொதல் புழுவே பிழைக்க வாய்ப்பிருக்கு சார். பிழைக்கலேன்னாலும், ஒண்ணு போனா ஒரு தோப்புக்கே தெரிஞ்சிடும்."

"ஒரு காலையில பார்த்ததை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். "பருவம் முழுக்கச் செஞ்சு காட்டுங்க. பலகை வெச்சுப் பாதி, பலகை இல்லாம பாதி."

"அப்போ வண்டிங்க சார்?"

"இன்னிக்கு நான் நிறுத்தின மாதிரி வேற தெருவுல நிறுத்தட்டும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவசரம் ஏதோ வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நாங்கள் எல்லோரும் கடைக்கே வந்துவிட்டோம்.

பன்னு பரிகாரமாக ஒரு தட்டு கொண்டுவந்தான். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த வெண்ணெய்ப் பன். கோடில்லை, புள்ளியில்லை. மேலே வெண்ணெய் தடவி மஞ்சளாக மினுங்கியது. துறைத்தலைவர் அந்த மஞ்சளைப் பார்த்ததும் நாற்காலியோடு ஓரடி பின்னால் போனார்.

"சார், இது சத்தியமா நல்ல பன்னு சார்" என்றான் பன்னு. அழுதுவிடுவான் போலிருந்தது.

"இருக்கட்டும், பசியில்லை" என்றார் அவர். காலையிலிருந்து பட்டினி கிடக்கிற மனிதர்.

இதற்கு வார்த்தை உதவாது என்று எனக்குத் தெரிந்தது. தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்து கடித்தேன். அவர் பன்னைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் டிரைவர் பார்த்தார். தையல்கார அம்மாவும் பார்த்தார். ஒரு வாரமாகக் கசப்பு தின்ற நாக்கில் அந்த வெண்ணெய் இறங்கியது. தோட்டம் என்னிடமே இருக்கிறது என்பதும் கூடவே இறங்கியது. நான் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது, எனக்கே தெரியவில்லை.

துறைத்தலைவர் கையை நீட்டி ஒரு பன்னை எடுத்தார். என் முகத்தை நம்பி ஒருவர் ஒன்றைச் சாப்பிட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அவருக்குப் பின்னாலேயே இன்னும் நாலு கைகள் தட்டுக்கு வந்தன.

பன்னு மட்டும் தட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, இதே முகத்தோட வீட்டுக்குப் போங்க" என்றான்.

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் வழக்கம்போலச் செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். மாடிப்படியில் ஒரு காலை வைத்தவர், திரும்பி என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு செய்தித்தாளை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.